காஞ்சி நாயனமும் செல்போன் விளையாட்டும்

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது ஏனாத்தூர். சுற்று வட்டாரத்தில் பட்டு நெசவு. ஊருக்குள்ளே பல்கலைக்கழகம். காலை நேரத்தில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள்.

அவர்களுடைய காதுகளைப் பாருங்கள். பஞ்சு அடைத்தாற்போல இரண்டிலும் ஒரு சிறு கருவி. கையில் செல்போன். அதில் ஏதோ ஒரு விளையாட்டு ஓடுகிறது. விளையாட்டோடு ஒரு சங்கீதமும் ஓடுகிறது.

"எப்போது பார்த்தாலும் இந்தச் சத்தம்தானா? குறைத்து வையடா!"

வீட்டுக்கு வீடு தாய்மார்கள் போடும் சத்தம் இது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளையின் காதில் கேட்பது வெறும் சத்தம் அல்ல. ஒருவர் உட்கார்ந்து மெட்டுப் போட்டு, பலர் வாசித்து, இன்னொருவர் இரவு பகலாக அளவு பார்த்துக் கலந்த இசை. பல வீடுகளில் இன்றைய பிள்ளைகள் கோயில் மேளம் கேட்பதைவிட, ரேடியோ கேட்பதைவிட இதைத்தான் அதிக நேரம் கேட்கிறார்கள்.

அப்படியானால் அது யாருடைய இசையாக இருக்க வேண்டும்? காஞ்சிபுரத்து நாயனத்துக்கு அதில் இடம் உண்டா?

உண்டு. அதற்கு வேண்டிய வித்தை இந்தச் சீமையில் ஏற்கெனவே இருக்கிறது.

நாலே நாலு சுரம்

முதலில் இந்த இசை வந்த கதையைப் பார்க்கலாம்.

1972-ல் அமெரிக்காவில் 'போங்' என்ற விளையாட்டு வந்தது. திரையில் ஒரு புள்ளி. அதுதான் பந்து. மட்டையில் பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பாட்டு கிடையாது.

1978-ல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. வானத்திலிருந்து எதிரிகள் வரிசையாக இறங்குவார்கள். பின்னணியில் நாலே நாலு சுரம், திரும்பத் திரும்பக் கேட்கும். எதிரிகள் வேகமாக வந்தால் அந்த நாலு சுரமும் வேகம் பிடிக்கும். ஆடுகிறவனின் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொள்ளும்!

1985-ல் 'சூப்பர் மாரியோ'. இசை அமைத்தவர் கோஜி கோண்டோ என்ற ஜப்பானிய வாலிபர். அவர் கையில் இருந்த இயந்திரம் ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளைத்தான் எழுப்பும். அந்த ஐந்தில் ஒன்று வெறும் இரைச்சல். அதைக்கூட அவர் வீணாக்கவில்லை. தாளமாக்கி விட்டார்! உலகம் முழுவதும் பிள்ளைகள் அந்த மெட்டை முணுமுணுத்தார்கள்.

நம் ஊரில் பலருக்கு முதல் செல்போன் விளையாட்டு 'பாம்பு'தான். 1997-ல் நோக்கியா போனில் வந்தது. பாம்பு இரை தின்றால் 'பீப்' என்று ஒரு சத்தம்.

அந்த 'பீப்' இருந்த இடத்தில் இன்று எண்பது, நூறு வாத்தியங்கள் சேர்ந்து முழங்குகின்றன. 2005-ல் வந்த ஒரு விளையாட்டுக்காகக் கிறிஸ்டோபர் டின் என்பவர் அமைத்த 'பாபா யேட்டு' என்ற பாட்டு, 2011-ல் கிராமி பரிசு வாங்கியது. பாட்டின் மொழி ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி! 2023-ல் விளையாட்டு இசைக்கென்றே தனி கிராமி பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை முதலில் வாங்கியவர் ஒரு பெண். பெயர் ஸ்டெபனி எகோனமு.

காத்திருக்கும் பாட்டு

சினிமாவுக்கு இசை அமைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகன் மூன்று நிமிடம் ஓடுகிறான் என்றால் மூன்று நிமிடம் இசை போட்டால் போதும். எந்தத் தியேட்டரில் ஓட்டினாலும் அதே மூன்று நிமிடம்தான்.

விளையாட்டில் அப்படி இல்லை. ஓடுவது கதாநாயகன் அல்ல, நம் வீட்டுப் பையன். அவன் பாலத்தின் மேல் அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்ப்பான். அல்லது இரண்டே விநாடியில் எதிரியிடம் போய் மோதுவான். அவன் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. இசை அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். மோதினால் உடனே சீற வேண்டும். ஜெயித்தால் குளிர வேண்டும். இடையில் 'கடக்' என்று வெட்டு விழக்கூடாது.

இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஒரே சுருதி, ஒரே தாளம், ஒரே வேகத்தில் தனித்தனி அடுக்குகளாக வாசித்துப் பதிவு செய்கிறார்கள். பையன் சும்மா நடந்தால் தம்பூரா போல ஓர் அடுக்கு மட்டும் கேட்கும். எதிரி பக்கத்தில் வந்தால் அதன்மேல் தாளம் ஏறும். சண்டை மூண்டால் நாயனம் போல ஒன்று உச்சத்தில் பிளிறும். சண்டை முடிந்ததும் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். எந்த அடுக்கு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும்.

1991-ல் அமெரிக்காவில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் என்ற இருவர் இப்படி இடத்துக்கு இடம் தானே மாறும் இசையை 'மங்கி ஐலண்ட்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் புகுத்தினார்கள். பெரிய சாதனை என்று கொண்டாடினார்கள்.

கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள்.

சுவாமி புறப்படுகிறார். நாதசுரத்தில் மல்லாரி முழங்குகிறது. கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் இல்லை. தவில் எகிறுகிறது. வீதிக்கு வந்ததும் ராக ஆலாபனை. சுவாமி எவ்வளவு நேரம் நிற்பார்? வாசிப்பவருக்குத் தெரியாது. எத்தனை வீட்டில் தேங்காய் உடைக்கிறார்களோ அத்தனை நேரம்! அதுவரை ராகத்தை இழுக்கிறார், வளைக்கிறார், விரிக்கிறார். பல்லக்கு அசைந்ததும் தவிலைப் பார்த்து ஒரு கண் ஜாடை. வாசிப்பு மாறுகிறது. நடுவில் ஒரு வெட்டு விழாது.

காஞ்சிபுரத்துக் கிராமங்களில் இரவெல்லாம் நடக்கும் கூத்தும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை எல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அவன் கால் எடுத்து வைத்தால் அடி விழும். அவன் நின்றால் இசையும் நின்று காத்திருக்கும்.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. கணிப்பொறிக்குக் கண் ஜாடை தெரியாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். ஆனால் எங்கே நீட்டுவது, எங்கே திருப்புவது என்ற புத்தி இருக்கிறதே, அது இந்த வித்துவான்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

கோர்வை

நெசவாளர் வீட்டில் 'கோர்வை' என்றால் தெரியும். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா. இரண்டு கரைக்கு இரண்டு நாடா. ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் ஆகாது. பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ளும். பிரிக்க முடியாது.

கச்சேரியிலும் 'கோர்வை' உண்டு. மிருதங்கக்காரர் ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்துச் சரியாக எடுப்பில் வந்து விழுவார். சபை 'ஆகா' என்னும்.

விளையாட்டு இசைக்கும் இந்தச் சேர்மானம்தான் உயிர். ஒரு பாட்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது. தறிமேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளைப் போல. அட்டைகளைக் கோத்து வளையமாக மாட்டியிருப்பார்கள். கடைசி அட்டைக்குப் பிறகு முதல் அட்டை வரும். புடவையில் தையல் தெரியுமா? தெரியாது.

அட்டையில் ஓட்டை இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி. இழையைத் தூக்கு, தூக்காதே! கணிப்பொறிக்கும் இதுதான் பாஷை. ஏனாத்தூரில் கணிப்பொறி படிக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

மைக் இல்லாத மிக்ஸிங்

மெட்டுப் போடுவதோடு வேலை முடியவில்லை. பாதி வேலை கலப்பதில் இருக்கிறது. 'மிக்ஸிங்' என்கிறார்கள். ஒவ்வொரு வாத்தியமும் எவ்வளவு ஓங்க வேண்டும், எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று பார்ப்பது. சாம்பாரில் பெருங்காயம் போடுவது மாதிரி. இருக்க வேண்டும், ஆனால் அது மட்டும் தெரியக்கூடாது.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934) என்ற பெரிய பாடகர் இருந்தார். அவருடைய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் என்று பக்கவாத்தியங்கள் மேடை நிறைய இருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதக் குரல்! யார் எப்போது அடங்க வேண்டும், யார் எப்போது ஓங்க வேண்டும் என்பதை மேடையில் இருந்தவர்களே காதால் அளந்து வாசித்தார்கள். அதுவும் மிக்ஸிங்தான்.

விளையாட்டுக்குக் கலப்பது இன்னும் கஷ்டம். நடுவில் துப்பாக்கி வெடிக்கும். கத்தி மோதும். ஆள் பேசுவான். பேச்சு வரும்போது இசை தானாகத் தாழ வேண்டும். அதுமட்டுமல்ல. செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் தவிலின் தொப்பி முழக்கம் கேட்கவே கேட்காது. கனத்த ஒலியை அது தாங்காது. அதனால் வலந்தலையின் 'தக் தக்' கொஞ்சம் தூக்கலாக வருமாறு கலக்க வேண்டும். இதெல்லாம் காது பழகியவர் செய்யும் வேலை. தவில் கேட்டே வளர்ந்த காதாக இருந்தால் இன்னும் நல்லது.

புனேயும் டொரண்டோவும்

2020-ல் 'ராஜி' என்ற விளையாட்டு வந்தது. புனே நகரத்துக் கம்பெனி தயாரித்தது. தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. நம் நாட்டுப் புராணம், நம் நாட்டுக் கோட்டை கொத்தளம். அதற்கு இசை அமைத்தவர் யார் தெரியுமா? லினோஸ் ட்செலோஸ். கிரேக்க நாட்டுக்காரர்!

அவர் நன்றாகத்தான் செய்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய சங்கீதம் உள்ள நாட்டில், இந்த வேலைக்குப் பழகிய ஆட்கள் இன்னும் குறைவு என்பது நெஞ்சில் குத்தத்தான் செய்கிறது.

இன்னொரு விளையாட்டு 'வெண்பா'. 2023 ஜூலையில் வந்தது. கனடாவில் டொரண்டோ நகரத்தில் உள்ள 'விசை' என்ற சிறு குழு செய்தது. 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. சமையல்தான் விளையாட்டு! அம்மா கொடுத்த சமையல் புத்தகத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. தட்டை எப்படி அடுக்கினால் இட்லி வேகும் என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். (காஞ்சிபுரம் இட்லி அல்ல, சாதா இட்லிதான்!)

சமைக்கும்போது அடுப்பங்கரையில் ரேடியோ பாடுகிறது. அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டை நினைவுபடுத்தும்படி புதிதாகப் பாட்டுகள் அமைத்திருக்கிறார்கள். வருஷம் ஓட ஓடப் பாட்டின் சாயலும் மாறுகிறது. மகன் வளர்கிறான். தமிழை விட்டு விலகுகிறான். ரேடியோ மட்டும் தமிழில் பாடுகிறது.

2024-ல் பிரிட்டனின் 'பாப்டா' பரிசு, முதல் படைப்புக்கான பிரிவில், இந்த விளையாட்டுக்குக் கிடைத்தது. தமிழே தெரியாதவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டபடி இட்லி அவித்தார்கள்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவை வேறு. குடும்பங்களைக் கெடுத்த அந்தச் சூதாட்டத்தைத் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. அதற்கு யாரும் நாயனம் வாசிக்க வேண்டாம்.

ஒரு மைக், ஓர் அறை

காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். படித்து வருகிற பிள்ளைக்குக் கோயில் வேலை கிடைக்கலாம். கல்யாண மேளம் கிடைக்கலாம். கல்யாண வீட்டிலோ இப்போது செண்டை மேளமும் டி.ஜே.யும் வந்துவிட்டன. நாயனக்காரர் மகன் வேறு வேலைக்குப் போகிறான்.

அந்தப் பள்ளிக்கு நல்ல மைக் இரண்டு, ஒரு கணிப்பொறி, சத்தம் புகாத ஓர் அறை கொடுத்தால் என்ன? ஏனாத்தூர்ப் பிள்ளைகள் பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஒருவருக்குக் கணிப்பொறி தெரியும். இன்னொருவருக்குக் கமகம் தெரியும்.

கமகம் முக்கியம். வெளிநாட்டார் வாத்திய ஒலிகளைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து விற்கிறார்கள். விசைப்பலகையைத் தட்டினால் சித்தார் வரும், தபலா வரும். ஆனால் கட்டையைத் தட்டி நாதசுரத்தின் குழைவைக் கொண்டுவருவது லேசில்லை. அதற்கு மூச்சு உள்ள ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதருக்குக் கூலி பேசும்போது எழுத்தில் பேச வேண்டும். ஒரு நாள் வாசித்துவிட்டுப் போனால், அந்த ஒலி உலகம் முழுவதும் வருஷக்கணக்கில் விற்கும். ஒரு வேட்டியும் ஆயிரம் ரூபாயும் கொடுத்து அனுப்பினால் அது அநியாயம். விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வாசித்தவர் பெயர் வர வேண்டும். விற்பனையில் ஒரு பங்கும் வர வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. நாயனக்காரர்களுக்கு வருமானம் குறைவு. பதிவு வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம். கூத்துக்காரர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை இரவுத் தூக்கமே இருக்காது. அவர்களை ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிட வேண்டும். மழைச் சத்தம் உள்ளே வராதபடி அறையின் கூரையை மட்டும் கெட்டியாகப் போட்டுவிட்டால் சரி.