புட்டியில் அடைத்த லட்சுமி

மதுரையில் மணி பிளாண்ட் இல்லாத வீட்டை நான் பார்த்து வெகு நாளாயிற்று. ஜவுளிக் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புட்டி. பல் வைத்தியரின் மேஜையில் ஒரு புட்டி. என் வீட்டிலும் புத்தக அலமாரியின் தலைமேல் ஒன்று இருந்தது. கலங்கிய தண்ணீர், அதில் நாலு வேர், மேலே ஐந்தாறு இலை. எதற்கு என்று கேட்டால், பணம் வரும் என்கிறார்கள். அதுவும் விலை கொடுத்து வாங்கினால் வராதாம். கேட்டு வாங்கினாலும் வராதாம். அடுத்த வீட்டுக் கொடியை அவர்கள் பாராத சமயம் கிள்ளிக்கொண்டு வந்து வைத்தால்தான் லட்சுமி வருவாளாம். திருட்டுச் சாமானைத் தேடிவரும் லட்சுமியை எந்தப் புராணத்தில் படித்தார்களோ, தெரியவில்லை.

"யாருக்கு என்ன நஷ்டம்? விட்டுத் தள்ளுங்கள்" என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். நான் விடுவதாயில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையின்போது என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தைச் சோதித்து டெங்கு என்றார்கள். ஆறு இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தட்டணுக்களின் எண்ணிக்கையைக் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. குழந்தை பிழைத்து வீடு வந்தாள். மறுநாள், கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வரும் பெண் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், ஆட்டுரலைப் பார்த்தாள், பிரிஜ்ஜின் பின்தட்டைப் பார்த்தாள். கடைசியில் அலமாரிமேல் இருந்த புட்டியை இறக்கி டார்ச் அடித்து, "சார், இங்கே பாருங்க" என்றாள். நூல் துண்டுகள்போல் நெளிந்துகொண்டிருந்தன.

அந்தப் புட்டிக் கொசுதான் கடித்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்று மாதமாகத் தண்ணீரை மாற்றவில்லை என்று சத்தியம் செய்யலாம். வற்றினால் மேலே கொஞ்சம் ஊற்றுவோம். மாற்றினால் வந்த பணம் போய்விடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். வரவே வராத பணம் எப்படிப் போகும் என்று கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். வீட்டுக்குள் தேங்கிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை உலர்ந்தபடியே மாதக் கணக்கில் கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே புட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும்.

புட்டிதான் ஏன்? பசிபிக் சமுத்திரத்தில் மோரியா என்ற தீவுச் செடி இது. 1880இல் தாவர சாஸ்திரிகள் பெயர் வைத்தார்கள். பிறகு பல முறை பெயரை மாற்றினார்கள். அதன் ஊரில் மரத்தைப் பற்றி ஏறி முறம் அகலத்துக்கு இலை விடுகிறது. நம் வீட்டில் கட்டைவிரல் அளவு இலையோடு பீங்கான் பொம்மைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. "தண்ணீரிலும் பிழைக்கிறதே" என்கிறார்கள். பிழைப்பதும் வாழ்வதும் ஒன்றா?

கொடி வளர்ப்பது எப்படி என்று தெரியாத ஊரா இது? மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி வரிசையாக நிற்கிறது. கொடிக்கு அதுவே கொழுகொம்பு, அதுவே குடை. கணுவுக்குக் கணு பார்த்துக் கட்டுகிறார்கள். அந்த வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மணி பிளாண்ட் வெற்றிலைக்கு உறவில்லை. சேம்புக்கும் கருணைக்கும் பங்காளி. கருணை நாக்கை அரிக்கிறதல்லவா, இதிலும் அதே ஊசிப் படிகங்கள் உண்டு. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

ஆனால் கொடிக்கால்காரரின் புத்தி இதற்கும் செல்லும். கணு உள்ள துண்டாகப் பார்த்து வெட்டுங்கள். கணு இல்லாத தண்டு என்ன செய்தாலும் தழையாது. செம்மண், மணல், மக்கிய எரு, கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி. நடுவில் ஒரு கம்பு நட்டுக் கயிறு சுற்றிவிட்டால் தானே ஏறும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலை மஞ்சளித்து உதிர்வது பெரும்பாலும் அதிக நீரால்தான். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றிக் கொல்லுகிறோம். உப்புத் தண்ணீர்க் குழாயுள்ள தெருக்களில் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது நல்லது. கிழக்கு ஜன்னல் உத்தமம். சித்திரை வெயில் மேற்கே அடிக்கும் ஜன்னலில் வைத்தால் ஒரே பகலில் இலை அப்பளமாகிவிடும். அதற்காக இருட்டு மூலையில் தள்ளினால் மஞ்சள் வரி மறைந்து வெறும் பச்சையாகும். வரியுள்ள இடத்தில் பச்சையம் குறைவு. வெளிச்சம் போதாதபோது அந்த அலங்காரத்தைச் செடியால் தாங்க முடிவதில்லை.

பணக் கதை போதாதென்று இப்போது காற்றைச் சுத்தம் செய்யும் கதையும் சேர்ந்திருக்கிறது. 1989இல் அமெரிக்காவின் நாசா, காற்றுப் புகாத பெட்டிக்குள் சில செடிகளை வைத்துச் சோதித்தது உண்மை. நாம் இருப்பது பெட்டியிலா? 2019இல் பழைய சோதனைகளையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடி, ஆயிரம்கூட ஆகலாம் என்றார்கள். ஆயிரம் செடிக்கு நடுவில் ஆசாமி எங்கே உட்காருவது?

அலுத்துப்போனால் வாய்க்கால் கரையில் வீசிவிடாதீர்கள். கண்டியில் உடவத்தக்கெலே காட்டுக்குள் இந்தக் கொடி புகுந்து, ஏக்கர் கணக்கில் தரையை மூடி மரங்களின்மேல் ஏறிக் கிடக்கிறது.

என் கொடி இப்போது வராந்தாவில் கம்பைப் பிடித்து என் தோள் உயரத்துக்கு வந்திருக்கிறது. இலை உள்ளங்கையைவிடப் பெரிது. சென்ற வாரம் எதிர் வீட்டு அக்கா வந்து நெடுநேரம் அதையே பார்த்தார். "வெட்டித் தரட்டுமா, அக்கா?" என்றேன். "ஐயையோ, கொடுத்தால் பலிக்காது தம்பி. நீங்கள் கொஞ்சம் தெருப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், போதும்" என்றார். மண்ணில்தான் வைப்பேன் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்ட பிறகு திரும்பிக்கொண்டேன்.