கையெழுத்துக்குக் காத்திருந்த தாங்கிகள்



அண்மைக் காலத்தில் உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் இருக்கிறது. "ஊரிலேயே ஒரு தொழில் தொடங்க நினைக்கிறேன். சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும்?" கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள் கேட்கிறார்கள். பட்டம் முடித்து, அரச நியமனத்தை எதிர்பார்த்துக் களைத்துப்போன பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இம்முறை நடுப்பக்கங்களைத் தொழிற்சட்டத்துக்கு ஒதுக்கினோம். வணிகப் பெயர்ப் பதிவு, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், ஊழியர் சேமலாப நிதி என்று தேவையானதெல்லாம் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முன்னர் நம் வாசலிலேயே கிடக்கும் ஒரு விவகாரத்தைப் பற்றிச் சில வார்த்தை.

திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களை அறியாத திருமலைக்காரர் இல்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பிரித்தானியர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட்ட கதையைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்போம். இன்று எஞ்சியிருப்பவை 99 தாங்கிகள். அவற்றில் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. வேலி மட்டும் இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை.

காரணம் கேட்டால் அரசியல் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் காகிதமும் ஒரு காரணம். 1987 யூலை 29 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்று எழுதப்பட்டது. அதன்பின் 2003 பெப்ரவரி 7 அன்று இலங்கை அரசாங்கமும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐஓசியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. 35 ஆண்டு, வருடத்துக்கு ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். முறையான குத்தகைப் பத்திரத்தை ஆறு மாதத்துக்குள் எழுதி முடிப்பதாகவும் அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பத்திரம் எழுதப்படவே இல்லை. ஆறு மாதம் ஆறு வருடமாகி, பிறகு பதினெட்டு வருடமுமாயிற்று. குதங்களின் கீழ்த்தொகுதியில் ஒரு பங்குத் தாங்கிகள் இயங்கின. மேல்தொகுதி அப்படியே கிடந்தது. குத்தகையே இல்லாத இடத்தில் பெரும் பணத்தைக் கொட்ட எந்தக் கணக்காளர் சம்மதிப்பார்? மறுபக்கம், கொடுத்ததா கொடுக்காததா என்று தெரியாத சொத்தை அரசாங்கத்தால் இன்னொருவருக்குக் காட்டவும் முடியவில்லை.

2022 ஜனவரி 6 அன்றுதான் முடிச்சு அவிழ்ந்தது. 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. குத்தகை 50 ஆண்டு. பங்கீடு நியாயமா என்பதில் உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருப்பது எனக்குத் தெரியும். என் எண்ணம் இது: பிடிக்காத ஒப்பந்தமாக இருந்தாலும் முடிக்கப்பட்ட ஒப்பந்தத்தோடு வாதாடலாம், நீதிமன்றம் போகலாம், கணக்குக் கேட்கலாம். பாதியில் நிற்கும் ஒப்பந்தத்திடம் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

இதே மாவட்டத்துச் சம்பூர்க்காரரைக் கேட்டால் இதைவிடக் கசப்பாகச் சொல்வார்கள். 2006இல் போரால் சனம் இடம்பெயர்ந்து முகாம்களுக்குப் போனது. 2007இல் ஒரு வர்த்தமானி அந்த மண்ணை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. 2012இல் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ் கைத்தொழிலுக்குப் போனது. 2015இல் அது இரத்தாகி, சனம் தங்கள் வளவுக்குத் திரும்பியது. 2013இல் கையெழுத்தான அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல். முகாமில் இருந்தவருக்கு இவை எதிலும் ஒரு கையெழுத்துக்கூட இல்லை. தன் காணி எந்தச் சட்டத்தின் கீழ் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை அவர் பத்திரிகையில் பார்த்துத்தான் அறிந்தார்.

இப்போது எங்கள் வாசகரின் பக்கம் வருவோம். தையற்கடை போட நினைக்கும் ஒரு தங்கை பிரதேச செயலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். கடை இருக்கும் இடத்துக்கு உறுதிப் பிரதியோ குத்தகை ஒப்பந்தமோ வேண்டும். வளவு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணி என்றால், வங்கிக்காரர் பைலை மெதுவாக மூடிவிடுவார். பெர்மிட்டை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தனியார் காணியை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். (அரச காணிக்கு வேறு சட்டம் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. மோசடியைத் தடுக்க வந்தவை, பல ஏழைக் குடும்பங்களின் காணியைக் காப்பாற்றியவையும் அவைதான். ஒரு சாட்சி குறைந்தால் தங்கையைத் திருப்பி அனுப்பும் நாட்டில், குத்தகையே எழுதாமல் எண்ணெய்க் குதம் பதினெட்டு வருடம் ஓடியது என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். மத்திய ஆசியாவில் கசகஸ்தான், பிரித்தானியர் ஒருநாளும் ஆளாத நாடு. 2018இல் அஸ்தானாவில் ஒரு நிதி மையம் திறந்து, ஆங்கிலப் பொதுச்சட்டத்தைத் தழுவிய தனி நீதிமன்றத்தையும் அதற்குள் வைத்தார்கள். இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த வூல்ஃப் பிரபுதான் அதன் முதல் தலைமை நீதிபதி. எண்ணெய் வளம் கொழிக்கும் நாடே, பணம் போட வருபவர் முதலில் கேட்பது "தகராறு வந்தால் யார் தீர்ப்பார்?" என்பதைத்தான் என்று புரிந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் கொழும்புத் துறைமுக நகருக்கென 2021இல் தனி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. திருமலைக்கு அப்படியொரு தனிச் சட்டம் வேண்டும் என்று நான் வாதாடப்போவதில்லை. இருக்கிற சட்டப்படி எழுதத் தொடங்கியதை எழுதி முடித்தாலே எங்கள் துறைமுகத்துக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நடுப்பக்கத்தைப் படித்த பின் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். பெர்மிட், உறுதி, கூட்டு வியாபாரம், கடை வாடகை, எதுவானாலும் சரி. அடுத்த இதழில் சட்டத்தரணி ஒருவர் பதில் தருவார், பெயர் போடாமல் வெளியிடுவோம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: போட்டோப் பிரதியை அனுப்புங்கள், மூல உறுதியை வீட்டு அலுமாரியிலேயே வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்