முதியோர் இல்லத்தைக் காற்றறிந்து கட்டுவோம்

எமது கிராமங்களில் தனித்துப்போகும் முதியோரின் தொகை பெருகி வருகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதமானோர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் ஆவர். வட பகுதியில் பிள்ளைகள் சிலர் போரிலே மாண்டனர்; சிலர் கடல் கடந்தனர்; காணியிழந்தவர்கள் கூலி தேடி ஊர்ஊராய்த் திரிகின்றனர். ஆகவே முதியோர் இல்லங்கள் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. அவற்றை எப்படிக் கட்டுவது என்பதே எமது கேள்வி.

சீமெந்துக் கல்லுச் சுவர், தகரக் கூரை, சிறிய யன்னல், கட்டிலுக்கு மேலே ஒரு மின்விசிறி. வழக்கமாக வரையப்படும் திட்டம் இதுதான். கட்டும் செலவு குறைவு என்பார்கள். ஆனால் தகரத்தின் கீழ் நண்பகல் எப்படியிருக்கும் என்பதை முகாமில் வாழ்ந்த எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் எழுந்து வேப்பமர நிழலுக்குப் போனோம். படுக்கையிலே கிடக்கும் முதியவர் எங்கே போவார்? வயது ஏற ஏற வியர்வை குறைகின்றது. தாகமும் சரிவரத் தெரிவதில்லை. உடல் தன் சூட்டைத் தானே தணிக்க இயலாமற் போகின்றது.

விசிறி இருக்கிறதே என்று கூறலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்துவிட முடியுமா? கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தருவோர் உண்டு. மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்த முன்வருவோர் அரிது. கட்டணம் ஏறினால் இல்லத்தில் முதலிற் குறையக்கூடியது முதியோரின் பாலும் பழமுமே.

எனவே மின்சாரத்தை நம்பாமலே குளிர்ந்திருக்கும் கட்டடம் வேண்டும். நாற்சார் வீட்டையும் திண்ணையையும் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

முதலாவது, கூரை. சித்திரை பிறக்கும்போதும் ஆவணியிலும் எமது பகுதியில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. ஓடு போடுதல் நன்று. தகரந்தான் கிடைக்குமென்றால் அதன்மேல் வெள்ளை பூசி, கீழே இடைவெளி விட்டு உட்கூரை அமைக்க வேண்டும். முகட்டில் வெக்கை வெளியேற வழியும் வேண்டும்.

இரண்டாவது, திசை. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கு வெயிலை மரங்கள் மறைக்கட்டும். சோளகக்காற்று உள்ளே வரவும் எதிர்ப்புறத்தால் வெளியேறவும் யன்னல்கள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கட்டில் மட்டத்திலே யன்னல் தொடங்கினாற்றான் படுத்திருப்பவருக்குக் காற்றுப் படும். வாடைக்காற்று மழைக்கு அகன்ற தாழ்வாரம் உதவும்.

மூன்றாவது, நடமாட்டம். படிக்குப் பதிலாக, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமான சாய்வுப்பாதை, வழுக்காத நிலம், மலசலகூடத்தில் கைபிடி. மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால் அன்றி, கூரையின் கீழே நடந்து போகும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் விசிறி வைப்போம். சாதாரண மேல்விசிறி ஏறக்குறைய 75 வாற்று மின்சாரம் எடுக்கும். சிறிய குளிரூட்டியோ ஏறக்குறைய 1,000 வாற்று எடுக்கும். ஒரு குளிரூட்டியின் மின்சாரத்தில் பன்னிரண்டு கட்டில்களுக்குக் காற்று வரும்.

இன்னொன்றும் உண்டு. மண்ணோடு வாழ்ந்தவர்களை நான்கு சுவருக்குள் இருத்தினால் குளிர்ச்சியும் சிறையே. இடுப்பளவு உயரத்தில் கட்டிய பாத்தியிலே நான்கு கத்தரி, இரண்டு மிளகாய்க் கன்றுகள் நிற்கட்டும். ஒழுங்கையைப் பார்த்தபடி அமர ஒரு விறாந்தை இருக்கட்டும்.

உங்கள் ஊரில் இத்தகைய இல்லம் கட்டப் பேச்செழுந்தால், அத்திவாரம் வெட்டுமுன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். காற்று எந்தப் பக்கத்தால் வரும், மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்பதை அறிந்த கமக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் வாய்மூடி இருக்கலாகாது. அங்கே வாழப்போகும் முதியோரையும் கூட்டிச் செல்லுங்கள். நாளை அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நாமாகவும் இருக்கலாம்.