ஆச்சிக்கு ஏன் லாகின் இல்லை?

நெல்லையில் இன்ஜினியரிங் முடித்து பெங்களூர் போகிற பையன் முதல் வாரமே பழகிக்கொள்வது டைம்ஷீட். எந்த ப்ராஜெக்ட், எத்தனை மணி நேரம் என்று பதிய வேண்டும். அதற்கென மென்பொருள், அந்த மென்பொருளோடு பேச ஒரு வெப் ஏபிஐ. பதியலாம், பார்க்கலாம், தப்பென்றால் திருத்தலாம். யார் எப்போது திருத்தினார் என்பதும் பதிவாகும். உழைத்தவன் தன் கணக்கைத் தானே பார்க்கிறான். நியாயம்தானே?

அதே பையனின் ஆச்சி தாமிரபரணிக் கரையில் நூறு நாள் வேலைக்குப் போனாள். அவளுக்கும் டைம்ஷீட் இருந்தது! பெயர் என்.எம்.எம்.எஸ். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் கொண்டுவந்த செயலி. தனிநபர் பயனாளி வேலைகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். தினம் இரண்டு தடவை, இடமும் நேரமும் பதிந்த போட்டோ. எடுப்பவர் பணித்தளப் பொறுப்பாளர். ஆச்சிக்கு லாகின் கிடையாது.

சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால்? கையால் எழுதிய வருகையைச் சேர்க்க மாவட்ட ஒருங்கிணைப்பாளரின் அனுமதி வேண்டும் என்றது விதி. இங்கே அவர் கலெக்டர். ஒரு நாள் கூலி 336 ரூபாய் (2025-26). அதற்காகப் பாபநாசம் மலையடிவாரத்துக் கிழவி பஸ் ஏறி கொக்கிரகுளம் வந்து மனு கொடுக்க வேண்டுமா?

"கள்ளக் கணக்கை ஒழிக்கத்தானே?" என்பார்கள். கள்ளக் கணக்கு உண்மைதான். ஆனால் ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படம், படத்தையே படம் பிடித்து ஏற்றுவது என்று 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது! தவிர, தோண்டிய மண்ணின் அளவுதான் கூலியைத் தீர்மானித்தது. அதைப் போட்டோ எப்படி அளக்கும்?

இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. 1994ல் ராஜஸ்தானில் எம்.கே.எஸ்.எஸ். இயக்கம் வேலைக் கணக்குகளை ஊர் நடுவில் உரக்க வாசித்தது. பொய்ப் பெயர்கள் அங்கேயே அம்பலம். 2005ன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட போராட்டங்களில் அது முக்கியமானது. திருட்டைப் பிடித்தது கேமரா இல்லை, ஊர்க்காரர்களின் கண்.

2025 டிசம்பரில் நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் சட்டம் நிறைவேறியது. அதிலும் கைரேகை போன்ற பயோமெட்ரிக், மொபைல் கண்காணிப்பு எல்லாம் உண்டு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்க்கத்தான் எல்லாம்.

கேட்பது பெரிதல்ல. அன்றைய வருகை அன்றே ஊர்ப் பலகையில் வரட்டும். விடுபட்டால் ஊராட்சியிலேயே திருத்தும் வழி வேண்டும். திருத்தியவர் பெயரும் நேரமும் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகட்டும். பெங்களூர் கம்பெனியின் டைம்ஷீட்டில் இதெல்லாம் சாதாரணம் நண்பர்களே. பேரன் ஏசியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தைத் திருத்தலாம், வெயிலில் நின்ற ஆச்சி ஒரு நாளைத் திருத்தக் கூடாது என்றால், அதற்குப் பெயர் தொழில்நுட்பம் இல்லை. பழைய பண்ணையார் கணக்குப்பிள்ளைதான், கையில் மொபைலோடு!