ஆள் வரவில்லை என்று இனி யார் சொல்வது?

“ஊனமுற்றவர்களுக்கு வேலை கொடுக்க நாங்கள் தயார்தான்; விண்ணப்பம் போட ஆள் வரவேண்டுமே!” இது தொழிற்சாலை நிர்வாகங்கள் பாடும் பழைய பல்லவி. “சட்டம் போட்டுவிட்டோம், முதலாளிகள்தான் முன்வரவில்லை” என்பது அரசாங்கத்தின் பல்லவி. “இவனைக் கூட்டிக்கொண்டு எங்கே அலைவது? வீட்டிலேயே இருந்து ஒரு வாய் சாப்பிடட்டும்” என்பது நம்மவர் வீடுகள் சிலவற்றில் கேட்கும் பல்லவி. மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் வேலை கேட்டு நிற்பவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த மூவரையும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில், முகத்துக்கு முகம் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம். மராத்தியில் ரோஜ்கார் மேளாவா என்கிறார்கள். பேனர் கட்டி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளும் கூத்து என்று அதை ஒதுக்கித் தள்ளுவோர் நம்மிடையே உண்டு. அவர்களோடுதான் இங்கே வாதிடுகிறோம். சில இடங்களில் கூத்து நடப்பது உண்மைதான். அதற்காக முகாமே வேண்டாம் என்பது, நிறுவையில் மோசடி நடக்கிறது என்பதற்காக ரேஷன் கடையையே மூடச் சொல்வது போலாகும்.

ஆள் இல்லையா? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். மராட்டிய மாநிலத்தில் மட்டும் 29 லட்சத்துக்கு மேல். இத்தனை பேரில் ஆள் கிடைக்கவில்லை என்றால், தேடியவர்கள் எங்கே தேடினார்கள் என்று கேட்கிறோம்.

ஊனமுற்றவனால் உழைக்க முடியுமா என்ற சந்தேகத்துக்குப் புனே நகரமே பதில் வைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் பம்பாயில் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழிற்கல்விக் கூடம், பின்னர் நம் முன்னோர் கிர்க்கி என்று அழைத்த கட்கிக்கு வந்தது. 1944இல் படைவீரர்களுக்கான செயற்கை அவயவ மையம் இதே புனேயில் அமைந்தது. போர்முனையில் காலை இழந்தவனுக்குச் செயற்கைக் கால் பொருத்தி, தொழில் கற்றுக்கொடுத்து, மீண்டும் உழைக்க வைக்க முடியும் என்றால், பவர் பிரஸ் இயந்திரத்தில் விரல்களை இழந்த பட்டறைத் தொழிலாளிக்கு அது ஏன் முடியாது? அவனும் இந்த நாட்டுக்காகத்தானே உழைத்தான்? சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதை தொழிலாளிக்கும் வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்ப்போம். 1995 சட்டம் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. 2016 சட்டம் அதை 4 சதவீதமாக்கியது. அரசு ஊழியர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்றும் அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் பட்டறையில் விரலை இழந்தவனுக்கு அந்தப் பிரிவு இந்தக் காப்பைத் தரவில்லை. தனியார் துறையில் 5 சதவீதம் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. ஜெர்மனியிலும் அதே 5 சதவீதம்தான். ஆனால் அங்கே அது கட்டாயம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அந்த அளவை எட்டாவிட்டால் ஈட்டுத்தொகை கட்டவேண்டும். ஜெர்மன் முதலாளிகள் சாக்கணிலும் ஆலை நடத்துகிறார்கள். அங்கே கட்டாயமாக இருப்பது இங்கே விருப்பமாகிவிடுவது ஏன்?

கட்டாயம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் நாட்டிலேயே முதன்முதலாக 1959இல் பம்பாயில் திறக்கப்பட்டது. பெயரைப் பதிந்து, அட்டை வாங்கி, கடிதம் வருமென்று தபால்காரரின் வழியைப் பார்த்துக் கிடப்பது அந்த முறை. முகாமில் அப்படியல்ல, ஆள் ஆளைப் பார்க்கிறான். காகிதத்தில் “செவித்திறன் குறைவு” என்ற வார்த்தையைப் படித்ததும் ஒதுக்கிவிடும் அதிகாரி, எதிரே உட்கார்ந்து வேலையைச் செய்துகாட்டும் பெண்ணை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது.

செலவைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர் சாக்கணுக்கும் தளேகாவுக்கும் ராஞ்சண்காவுக்கும் தனித்தனியே நேர்முகத் தேர்வுக்குப் போவதென்றால், ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குப் பணம். துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். முகாமில் பத்து நிறுவனங்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முகாமில் வந்தவர் பெயர் பதிவாகிறது. இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கு கையில் இருந்தால், ஆள் வரவில்லை என்ற பல்லவியை அப்புறம் எந்த நிர்வாகமும் பாட முடியாது.

ஆகவே முகாம் நடத்துவோரிடம் கேட்கிறோம்: மின்தூக்கி இல்லாத மாடியில் முகாம் போடாதீர்கள். சைகை மொழி பெயர்ப்பாளரை வையுங்கள். மனுக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகும் நிறுவனத்தை அடுத்த முறை அழைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள் என்ற பட்டியலை வெளியிடுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்கிறோம்: 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்னென்ன வசதி தரப்படும் என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையாக எழுதி, பலரறிய வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். அதை முகாம் மேசைமேல் வையுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். வைப்புநிதியும் ஈ.எஸ்.ஐ.யும் இல்லாத வேலையைத் தருமமாகக் காட்டாதீர்கள்.

தாய்மார்களே, தோழர்களே! உங்களிடமும் கேட்கிறோம். வெளிமாநிலத்துக்காரர் நமக்கு என்ன கிடைக்கும் என்று ஒதுங்க வேண்டாம். சேலத்திலோ திருநெல்வேலியிலோ முறைப்படி வாங்கிய ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டம் சொல்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் இப்போதே மனுச் செய்யுங்கள். ஆதார், பள்ளிச் சான்று, போட்டோ இவற்றை ஒரு பையில் தயாராக வையுங்கள். மராத்தி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். மொழி அறிந்த சங்கத் தோழர் ஒருவரை உடன் கூட்டிச் செல்லுங்கள். நியமனக் கடிதத்தைப் படித்துப் பொருள் சொன்ன பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அநியாயம் நடந்தால் மனுக் கொடுக்க, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகம் இதே புனே நகரில்தான் இருக்கிறது.

நொண்டி, குருடு என்றார்கள். பிறகு ஊனமுற்றோர் என்றார்கள். இன்று தமிழில் மாற்றுத்திறனாளி, இங்கே திவ்யாங். பெயர் மாறியதில் மகிழ்ச்சிதான். ஆனால் பெயரால் அடுப்பு எரியாது. கேட்பது சலுகையல்ல, கூலி வேலை. அடுத்த முகாம் அறிவிப்பு வந்ததும் நம் பேட்டைகளில் வீடு வீடாகச் சொல்வோம். உள்ளறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாசலுக்கு அழைத்து வருவோம். வாசலிலிருந்து முகாமுக்கு அழைத்துச் செல்வோம்!