ஆராய்ச்சியில் நோயாளியின் பங்கு

ஆண்டுதோறும் ஆகஸ்டு 20 ஆம் நாள் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தது அந்நாளில்தான். அவரைப் போற்றும் வேளையில் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1857 இல் அல்மோராவில் பிறந்த ராஸ், 1881 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. 1894 இல் லண்டனில் அவர் பாட்ரிக் மான்சனைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவுக்குள் வளர்வதைச் சீனாவின் அமோய் நகரில் முன்பே கண்டவர் மான்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் என்ற அவருடைய ஐயமே ராஸின் வாழ்நாள் பணியாயிற்று.

இந்தியா திரும்பிய ராஸ், ஈராண்டுகளுக்கு மேல் கொசுக்களை அறுத்து ஆராய்ந்தும் விடை காணவில்லை. கொசுக்கள் பறந்துவிடும் என்பதால், கடுங்கோடையிலும் விசிறியை இயக்க இயலவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 1897 இல் நீலகிரிக்குச் சென்றபோது அவரே மலேரியாவுக்கு ஆளானார். ஆராய்ந்தது தகாத இனக் கொசுக்களை என்பதே அத்தனை தோல்விக்கும் காரணம்.

அவ்வாண்டு ஆகஸ்டில், சிறகில் புள்ளிகள் கொண்ட வேறோர் இனக் கொசுக்கள் கிடைத்தன. அவை புழுப் பருவத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. எவரையும் முன்பு கடித்திராதவை. குருதியில் மலேரியா ஒட்டுண்ணி இருந்த உசேன் கான் என்னும் நோயாளி, ஆகஸ்டு 16 அன்று அக்கொசுக்கள் தம்மைக் கடிக்க இடந்தந்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்கு ஊதியம். நான்கு நாள் கழித்து, அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில்தான் ராஸ் தாம் தேடியதைக் கண்டார்.

மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுவதை மெய்ப்பித்தார். 1902 இல் நோபல் பரிசு பெற்றார். மனிதரில் மலேரியா பரவும் வழியை நிறுவிய இத்தாலிய அறிஞர் கிராசிக்கும் அவருக்கும், பெருமை எவருக்கு என்னும் பூசல் நெடுங்காலம் நீடித்தது. அப்பூசலில் உசேன் கானின் பெயரை முன்வைத்தவர் எவருமில்லை. அவருடைய குருதி இல்லையேல் அந்தக் கண்டுபிடிப்பு அன்று நிகழ்ந்திராது.

ஆகவே, ஆராய்ச்சியின் ஒரு பாதி நோயாளியினுடையது என்று நாங்கள் உறுதியாகக் கருதுகிறோம். அப்பாதிக்குரிய மதிப்பு ஊதியத்தோடு முடிந்துவிடுவதன்று. இன்று ஓர் ஆய்வில் பங்கேற்குமாறு உங்களிடம் கேட்கப்படும்போது, அதன் நோக்கம் என்ன, உடலுக்கு என்ன நேரலாம், பயன் யாருக்கு என்று தயங்காமல் கேளுங்கள். விளங்கும் வரை கையொப்பமிட வேண்டாம். மறுப்பதும் இடையில் விலகுவதும் உங்கள் உரிமை. அதனால் சிகிச்சையில் குறை வருதல் ஆகாது. உடனிருக்கும் குடும்பத்தினரும் இவ்வினாக்களை எழுப்பலாம்.

ஆய்வில் சேராதவர்க்கும் ஒரு பங்கு உண்டு. நம் நாட்டில் காணப்படும் மலேரியா வகைகளுள் வைவாக்ஸ் என்பது, காய்ச்சல் தணிந்த பின்னும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழக்கூடியது. அதை வேரறுக்கவே பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் தரப்படுகிறது. மூன்றாம் நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் நோய் மீள்வதோடு, அவரைக் கடிக்கும் கொசு அதை அண்டை வீட்டுக்கும் கொண்டு சேர்க்கும். கருவுற்ற தாய்மார்க்கும், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளோர்க்கும் அம்மாத்திரை தீங்கு செய்யலாம். ஆதலால் மருத்துவர் சொல்லாமல் எவரும் உட்கொள்ளலாகாது.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடுகிறது. ராஸ் தம் பிற்காலத்தைக் கொசு ஒழிப்பை வலியுறுத்துவதிலேயே பெரிதும் கழித்தார். அறிவியல் அறிந்து சொன்னதை நிறைவேற்றும் இடம் நம் வீட்டு மாடி. தொட்டியை மூடுவதும், காய்ச்சல் கண்டவுடன் குருதிப் பரிசோதனைக்கு வருவதும், 14 நாள் மாத்திரையை முடிப்பதும் நோயாளியும் குடும்பமும் மட்டுமே செய்யக்கூடிய பணிகள். அவற்றை மருத்துவத்தின் சரிபாதியாகவே நாங்கள் மதிக்கிறோம்.