நின்றுபோன ஆலை தரும் பாடம்

பிளேஸ்டோவில் சுரங்க ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் புரோம்லி-பை-போ. அதன் அருகே லீ ஆற்றங்கரையில் 1776 இல் எழுந்தது ‘ஹவுஸ் மில்’ என்னும் மாவாலை. கடல் பெருகும்போது ஆற்றில் ஏறும் நீரை மதகால் தேக்கி, வற்றும்போது திறந்துவிடுவர். அந்நீரின் விசையால் நான்கு சக்கரங்கள் சுழன்று தானியம் அரைத்தன. 1941 இல் ஆலை நின்றது. 1970களில் இடிபடவிருந்த அதனை ஆர்வலர் காத்தனர்.

அங்கே எமது மாணவரை அழைத்துச் சென்றோம். “சேர், எங்கட ஊரிலும் ஆலை இருந்ததோ?” என ஒரு சிறுவன் வினவினான். மாடு சுற்றிய செக்கையும், போரினால் 1990 இல் மூடுண்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் பற்றிக் கூறினோம். இரண்டையும் அவன் அன்றுதான் முதன்முறையாகக் கேள்வியுற்றான். அது எம்மை வருத்திற்று.

அன்பார்ந்த பெற்றோரே! நின்றுபோன சக்கரத்தையும் இந்நாட்டார் பேணுகின்றனர். நாமோ செக்கையும் துலாவையும் பிள்ளைகளுக்குச் சொல்லவும் மறந்தோம். எல்லோராலும் ஊரை நேரிற் காட்ட இயலாது. ஆயினும் சொல்லிக் காட்டலாம் அன்றோ? எழுத்தை நாம் கற்பிப்போம். அவ்வெழுத்துக்குள் ஊரை வைப்பது தங்கள் கடன்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவே அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி வாருங்கள்.